முள்ளுக்குறிச்சியில இறங்கிக்கோ மச்சி!

செமஸ்டர் எக்ஸாம் முடிய ரெண்டு நாள் இருக்கும்போதே, ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒரு 'டூர் கமிட்டி' முளைச்சிடும். முதல் நாள் மீட்டிங்ல கோவா. ரெண்டாவது நாள், "பட்ஜெட் இடிக்குது மாப்ள"ன்னு கொடைக்கானல். மூணாவது நாள் வேன் வாடகையைக் கேட்டதும் பாதிப் பேர் கழண்டுக்குவாங்க. கடைசியில மிச்சமிருக்கிற நாலு பேர் மேட்னி ஷோ பார்த்துட்டு, பரோட்டா சாப்பிட்டுட்டு ஹாஸ்டலுக்குத் திரும்புவாங்க. எந்த காலேஜ்னாலும் கதை இதுதான்.

வேனும் வேண்டாம், ரிசார்ட்டும் வேண்டாம். ரெண்டு நாள், ரெண்டு கால், ஒரு மலை. இந்த வாரம் நம்ம ஸ்பாட், கொல்லிமலை.

"அட போங்க பாஸ், எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கையில ஒரு குளியல், அவ்வளவுதானே? பைக்ல போய்ட்டு வந்தாச்சு"ன்னு சொல்றவங்களுக்காகத்தான் இந்தப் பக்கமே. பைக்ல போனவங்க ரோட்டைப் பார்த்திருப்பீங்க. வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகையோட செல்ஃபி எடுத்திருப்பீங்க. மலையைப் பார்க்கணும்னா நடக்கணும்.

மலைக்கு ஏற ரெண்டு வழி. ஊரே போற வழி, நாமக்கல், சேந்தமங்கலம் பக்கமிருந்து காரவள்ளி வழியா போறது. அந்த எழுபது வளைவும் அதுலதான். இன்னொண்ணு ராசிபுரம், நாமகிரிப்பேட்டை பக்கமிருந்து போற வழி. (நாகஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் பேரை தாத்தாகிட்ட சொல்லிப் பாருங்க, டூருக்கு உடனே பணம் வரும்!) அந்த வழியில மலையோட காலடியில இருக்கிற ஊர்தான் முள்ளுக்குறிச்சி. காரவள்ளிப் பாதையில மண் சரிஞ்சா மலை மக்களுக்கு இந்தப் பக்கம்தான் கைகொடுக்கும். டூரிஸ்ட் கூட்டம் இங்கே குறைவு. அதனாலேயே நமக்கு இது ஓகே. மலையை அண்ணாந்து பார்த்தபடி ஒரு டீ குடிச்சிட்டு ஏறலாம்.

இப்போ ஒரு சின்ன ஃபாரின் ரவுண்டு. இங்கிலாந்துல 'வீக் எண்ட் வாக்கிங்'னு ஒரு பழக்கம் ரொம்ப நாளா உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறி ஒரு கிராமத்துல இறங்குவாங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வயல் வரப்பு, ஆட்டுப்பட்டி, சர்ச் வாசல், ஓடைக்கரைன்னு நடந்துட்டு திங்கட்கிழமை ஆபீஸ் போயிடுவாங்க. இதுல எவரெஸ்ட் லெவல் சாகசம் எதுவும் கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து ஏறக்குறைய 2,25,000 கி.மீ. நீளத்துக்குப் பொதுப் பாதைகள் இருக்கு. தனியார் நிலத்துக்குள்ளே போனாலும் அந்தப் பாதையில நடக்க எல்லாருக்கும் சட்டப்படி உரிமை உண்டு.

அந்த உரிமை சும்மா கிடைக்கலை. மான்செஸ்டர் பக்கத்துல கின்டர் ஸ்கவுட்னு ஒரு மேட்டுநிலம். பணக்காரங்க பறவை வேட்டையாடுறதுக்காக மத்தவங்களை உள்ளே விடாம அடைச்சு வெச்சிருந்தாங்க. 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. சில நூறு பேர், பெரும்பாலும் ஆலைகள்ல வேலை பார்த்த சின்னப் பசங்க, தடையை மீறி உள்ளே நடந்தாங்க. முன்னே நின்ன பென்னி ராத்மனுக்கு அப்போ வயசு 20. நம்ம செகண்ட் இயர் வயசு! அவர் உள்பட அஞ்சு பேருக்கு ஜெயில். ஆனா விஷயம் அடங்கலை. 1949-ல தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1965-ல பென்னைன் வேங்கிற நெடும்பாதை திறந்தது, நீளம் சுமார் 430 கி.மீ. 2000-த்துல திறந்த மேட்டுநிலங்கள்ல நடக்கிற உரிமைக்குத் தனிச் சட்டமே வந்தது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரா இருந்த டெவன்ஷயர் பிரபுவோட பேரன், 2002-ல நடந்த எழுபதாம் ஆண்டு விழாவுல, தன் தாத்தா செஞ்சது தப்புன்னு மன்னிப்புக் கேட்டார்.

நம்ம ஊர் நிலவரம் வேற. இங்கே ஒத்தையடிப் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. ரோடு வர்றதுக்கு முன்னாடி கொல்லிமலை ஜனங்க தலைச்சுமையோட ஏறி இறங்கினது எல்லாமே கால்வழிதான். ஆனா மலைச்சரிவு காப்புக்காடு. அனுமதி இல்லாம அங்கே நுழைஞ்சா வனச்சட்டப்படி குற்றம். "நாமளும் பென்னி ராத்மன் மாதிரி உள்ளே போயிடலாமா?"ன்னு யாராவது கேட்டா, முதல்ல அவங்களுக்கு குரங்கணியை ஞாபகப்படுத்துங்க.

2018 மார்ச் 11. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில நடைபயணம் போன குழு காட்டுத்தீயில சிக்கிடுச்சு. 20 பேருக்கு மேல இறந்துபோனாங்க. பெரும்பாலும் இளவயசுக்காரங்க, நிறையப் பேர் பெண்கள். நம்மள மாதிரியே வீக் எண்டுக்குக் கிளம்பினவங்க. கோடையில காய்ஞ்ச போதைப்புல் எவ்வளவு வேகமா எரியும்னு நகரத்துல வளர்ந்த யாருக்கும் தெரியாது. தீ பொதுவா மேல்நோக்கி வேகமா ஏறும். அதோட போட்டி போட்டு மேட்டுல ஓடி ஜெயிக்க முடியாது. அதுக்கப்புறம் அந்த வருஷமே தமிழக அரசு மலையேற்றத்துக்குன்னு விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ங்கிற பேர்ல 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்குக்குத் திறந்தாங்க. பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். அவங்கள்ல பலர் பக்கத்து மலைக்கிராமத்துப் பிள்ளைங்க. காட்டுக்குள்ளதான் நடக்கணும்னு ஆசை இருந்தா அந்த லிஸ்ட்டைப் பாருங்க, இல்லேன்னா மாவட்ட வன அலுவலகத்துல எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்க. "எனக்குத் தெரிஞ்ச அண்ணன் கூட்டிட்டுப் போவார்" எல்லாம் வேண்டாம். பிப்ரவரி நடுவுல இருந்து கோடை மழை வர்ற வரைக்கும் காட்டுப் பக்கமே தலை வைக்காதீங்க.

ஆனா கொல்லிமலையோட ஸ்பெஷலே என்னன்னா, நடக்கிறதுக்குக் காட்டுக்குள்ளே போகணும்ங்கிற அவசியமே இல்லை! சரிவு முழுக்கக் காடு. ஏறி முடிச்சா மேலே மேடும் பள்ளமுமா ஒரு தனி நாடு. சுமார் 1,000-த்துல இருந்து 1,300 மீட்டர் உயரத்துல, 280 சதுர கி.மீ. பரப்புல ஊர்களும் வயல்களும். நாடுன்னு சும்மா சொல்லலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடுன்னு இங்கே ஊராட்சிகளுக்கே அப்படித்தான் பேர். மலையாளின்னு சொல்லப்படுற பழங்குடி மக்கள் இங்கே அதிகம். (கேரளாவுக்கும் இவங்களுக்கும் முடிச்சுப் போடாதீங்க. மலையை ஆள்பவர்ங்கிற அர்த்தத்துல வந்த பேர், பேசுறது தமிழ்தான்.) ஒரு ஊர்ல டீ குடிச்சு, அடுத்த ஊர்ல வழி கேட்டு, அதுக்கடுத்த ஊர்ல பலாச்சுளை வாங்கித் தின்னுட்டே நடக்கலாம். இங்கிலாந்துக்காரன் செய்யறதும் கிட்டத்தட்ட இதேதான்.

சரி, பிளானுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை நைட் கிளம்புறீங்க. சென்னைப் பசங்கன்னா ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடிச்சா விடியறதுக்கு முன்னாடி சேலம். அங்கிருந்து பஸ்ல ராசிபுரம். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல, மேலே போற வண்டி எத்தனை மணிக்கு, எந்த வழியான்னு கண்டக்டர் அண்ணன்கிட்டயே கேட்டுக்கங்க. மலை பஸ் டைமிங்கை நெட்ல தேடுறது வேஸ்ட். முள்ளுக்குறிச்சியில இறங்கி டிபனை முடிச்சிட்டு, மேலே போற வண்டியைப் பிடிங்க. "அடிவாரத்துல இருந்தே நடப்போம்டா"ன்னு ஒரு ஹீரோ எல்லா கேங்க்லயும் இருப்பான். அவனுக்காக ஒரு கணக்கு சொல்றேன்.

1892-ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன சிம்பிள் ஃபார்முலா. 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோட ஒவ்வொரு 600 மீட்டர் உயரம் ஏறவும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கணும். அடிவாரத்துல இருந்து மலைமேட்டுக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அதுக்கு மட்டுமே ஒண்ணரை மணி நேரம் தனியா போகும். ரோடு சுத்திச் சுத்திப் போறதால 25 கி.மீ.ன்னு வெச்சுக்கிட்டாலும் இன்னொரு அஞ்சு மணி நேரம். ஆக ஆறரை. இது நல்லா நடந்து பழகினவங்களுக்கு, ரெஸ்ட் எடுக்காம. கேன்டீனுக்கே பைக்ல போற நமக்கு இதுல பாதியைக் கூட்டிக்கணும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடக்கணும். ஹீரோவை பஸ்ல ஏத்துங்க.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள செம்மேடு போயிடணும். மலைக்குத் தலைநகர் மாதிரி, லாட்ஜ், சாப்பாட்டுக் கடை எல்லாம் இங்கேதான். ரூமை முன்கூட்டியே போன்ல புக் பண்ணிடுங்க. நைட் இறங்கி ரூம் தேடுறது கொடுமை. குதிரைமேல உட்கார்ந்திருக்கிற வல்வில் ஓரி சிலையைப் பார்த்தா ஒரு வணக்கம் வைங்க. கடையேழு வள்ளல்கள்ல ஒருத்தர். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சுதுன்னு வன்பரணர் புறநானூற்றுல பாடியிருக்கார். பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் இதை ஆராய வேண்டாம்! ஆடி 17, 18 தேதிகள்ல ஓரிக்கு அரசு விழா நடக்கும், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்துல. கூட்டம் பிடிக்கும்னா அப்போ வாங்க. நடக்கணும்னா வேற வாரம் பாருங்க.

முதல் நாள் சின்ன நடை போதும். செம்மேட்டுல இருந்து வாசலூர்பட்டி படகு இல்லம் பக்கம் ஒரு ரவுண்டு, இல்லேன்னா சோளக்காடு பக்கம் சீக்குப்பாறை காட்சிமுனை. வழியெல்லாம் சில்வர் ஓக் மரம், அதுல சுத்தி ஏறின மிளகுக் கொடி, கீழே காபிச்செடி. ஒரே நிலத்துல மூணு மாடி விவசாயம்! அக்ரி ஸ்டூடண்ட்ஸ் நோட்டு எடுத்துட்டு வரலாம். சாயங்காலம் ஆறரைக்கு மேல நடக்காதீங்க. மலையில இருட்டு திடீர்னு விழும், தெருவிளக்கு ஊரோட முடிஞ்சிடும். ஆளுக்கொரு டார்ச் கட்டாயம். போன் டார்ச் கணக்குல வராது, அந்த சார்ஜ் வீட்டுக்குப் பேசத் தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமைதான் மெயின் பிக்சர். காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா அறப்பளீஸ்வரர் கோயிலை நோக்கி நடை. செம்மேட்டுல இருந்து ஏறக்குறைய 15 கி.மீ. நெய்ஸ்மித் கணக்குல மூணு மணி. மேடு பள்ளம், டீ, போட்டோ, ஒருத்தனுக்கு ஷூ கடிச்சது எல்லாம் சேர்த்து நாலு, நாலரைன்னு வைங்க. பத்தரைக்குக் கோயில். ரொம்பப் பழைய சிவன் கோயில், பக்கத்துல ஓடுறது ஐயாறு. அந்த ஆறு அங்கிருந்து பாறையில விழறதுதான் ஆகாய கங்கை. ஏறக்குறைய 300 அடி உயரம்.

அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். இறங்கும்போது பாட்டு பாடிக்கிட்டே போவீங்க, ஏறும்போது பேச்சே வராது. இந்த மலையில வேற எதையும்விட நான் பயப்படச் சொல்றது இந்தப் படிகளையும் அந்தத் தண்ணியையும்தான். காலையில 15 கி.மீ. நடந்த தொடை, இறங்கும்போதே நடுங்க ஆரம்பிச்சிடும். அருவியில பாசி படிஞ்ச பாறை. மேலே எங்கேயோ மழை பெய்ஞ்சா, நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிச்சிட்டிருந்தாலும் தண்ணி கூடும். தெளிவா விழுந்த தண்ணி கலங்கலா மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ "இன்னும் ஒரே ஒரு போட்டோ"ன்னு நிக்காம அந்த நிமிஷமே கரையேறிடுங்க. குளிக்கத் தடைன்னு போர்டு வெச்சிருந்தா விவாதம் பண்ணாதீங்க. வடகிழக்குப் பருவமழை பலமா பெய்யுற அக்டோபர், நவம்பர்ல தடை அடிக்கடி வரும். கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிங்க. அருவி இல்லேன்னா மாசிலா அருவி, எட்டுக்கை அம்மன் கோயில்னு மாத்திக்கலாம். அந்த அம்மனைத்தான் கொல்லிப்பாவைன்னு சொல்றாங்க. சிரிச்சே ஆளைக் கொல்ற பாவைன்னு கதை. நம்ம கிளாஸ்லயும் அப்படி ரெண்டு பேர் உண்டுங்கிறீங்களா? சரி, சரி.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கடுப்பாவே சொல்றேன். பாட்டில். அருவிப் பாறை இடுக்குல உடைஞ்ச கண்ணாடி கிடக்கிறது எந்த மலையிலயும் புதுசில்லை. வெறுங்காலோட தண்ணியில இறங்கற அடுத்த ஆள் ஒரு ஸ்கூல் பிள்ளையா இருக்கலாம். போதையில ஆயிரம் படி ஏற முடியாதுங்கிறது ஒரு பக்கம். ஊர்க்காரங்க நம்ம கூட்டத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறது இதனாலதான். அந்த ஊர் பெண்கள் அதே பாதையில தனியா நடந்து போறவங்க. நாம கத்திட்டு, ஸ்பீக்கர் போட்டுட்டுப் போனா அவங்க ஒதுங்கி நிக்க வேண்டியிருக்கு. அவங்க ஊர்ல அவங்க ஏன் ஒதுங்கணும்? எதிர்ல வர்றவங்களைப் பார்த்து "வணக்கம்ணா, வணக்கங்க்கா, இந்தப் பாதை எங்கே போகுது?"ன்னு கேட்டுப் பாருங்க. வழி மட்டுமில்லை, பாதித் தூரத்துக்குத் துணையும் கிடைக்கும். வேலி போட்ட தோட்டத்துல இறங்காதீங்க, கொய்யாவைப் பறிக்காதீங்க, கேட்டா அவங்களே கொடுப்பாங்க.

கேர்ள்ஸ் கேங் எழுதுற கடிதங்கள்ல எப்பவும் ஒரே கேள்வி: "வீட்டுல விடமாட்டேங்கிறாங்க, என்ன பண்றது?" குரங்கணிக்கு அப்புறம் அப்பா அம்மா பயப்படுறதுல நியாயம் இருக்கு. அதைக் கிண்டல் பண்ணாம ஒரு பேப்பர் எடுங்க. எந்த பஸ், எந்த ஊர், எந்த லாட்ஜ், ஞாயிற்றுக்கிழமை எந்தப் பாதை, எத்தனை மணிக்கு முடியும், கூட யார் யார், அவங்க நம்பர் எல்லாத்தையும் எழுதி வீட்டுல ஒண்ணு, வார்டன்கிட்ட ஒண்ணு கொடுங்க. "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள செம்மேட்டுல இருந்து கூப்பிடுவேன். எட்டு வரைக்கும் கூப்பிடலைன்னா நீங்க இந்த நம்பருக்குப் பேசுங்க"ன்னு சொல்லுங்க. மலையில சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும், அதனால நேரத்தைத் தாராளமாவே குறிங்க. வெளிநாட்டுல அனுபவசாலிகளே இப்படி எழுதிக் கொடுத்துட்டுத்தான் மலை ஏறுறாங்க. பர்மிஷன் கேக்கறது மாதிரி இல்லாம ரிப்போர்ட் மாதிரி இருந்தா வீட்டுல பேச்சோட டோனே மாறும். பசங்களுக்கும் இதே ரூல்தான், உங்களுக்கும் அம்மா இருக்காங்க. 108, 112 ரெண்டும் ஸ்பீட் டயல்ல இருக்கட்டும்.

பேக்ல என்ன? உங்க எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. ரெண்டு லிட்டர் தண்ணி, உப்பு சர்க்கரைப் பொட்டலம், பேண்ட் எய்ட், ரெயின்கோட், ஒரு மாற்று டிரெஸ், ரெண்டு ஜோடி சாக்ஸ். புது ஷூ வாங்கிட்டு அன்னைக்கே வராதீங்க. பழைய ஷூ ஆயிரம் மடங்கு மேல். ஜீன்ஸ் நனைஞ்சா கனக்கும், காயாது. மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வெச்சுக்கங்க. வேகம் எப்பவும் கேங்க்ல மெதுவா நடக்கிறவரோட வேகம்தான். அவரை முன்னாடி விடுங்க.

சாப்பாட்டு மேட்டர். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வழியில கிடைக்கும். பார்க்க ஆட்டுக்கால் மாதிரி ரோமம் இருக்கும், நிஜத்துல பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற ஒரு பெரணியோட கிழங்கு. மிளகு தூக்கலா, சுடச்சுட குடிச்சா அந்தக் குளிருக்கு இதம். மூட்டுவலி தீரும்னு விக்கிறவங்க சொல்வாங்க. நாம சூப்பா குடிப்போம். மே, ஜூன்ல போனா பலாப்பழ வாசனை உங்களை இழுத்துட்டுப் போகும். அன்னாசி, மலை வாழை, காபி எல்லாம் லோக்கல்.

அப்புறம் சாமை, தினை, கேழ்வரகு. ஒரு காலத்துல இந்த மலையோட சோறே அதுதான். சமவெளியில ஜவ்வரிசி ஆலைகள் பெருகினதும் மரவள்ளி கைக்குக் காசு தந்தது, சாமை நிலம் சுருங்கிடுச்சு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல இருந்து இந்த மலைப் பெண்களோட சேர்ந்து சிறுதானிய விதைகளைக் காப்பாத்துறது, உமி நீக்க மெஷின் வைக்கிறதுன்னு வேலை செஞ்சிருக்கு. மெஷின் ஏன் முக்கியம்னா, சாமையை உரல்ல குத்தி உமி எடுக்கிறது அவ்வளவு கஷ்டம். அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில விழுந்தது. விளைவிச்சாலும் வாங்க ஆள் இருந்தாத்தானே விதைப்பாங்க? திரும்பும்போது சோளக்காடு சந்தைப் பக்கம் இறங்கி, கீ செயினுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு கிலோ சாமை, நூறு கிராம் மிளகு வாங்குங்க. பேரம் பேசியே ஆகணும்னா லாட்ஜ்காரர்கிட்ட பேசுங்க, கூடையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பாட்டிகிட்ட வேண்டாம்.

அருவியில இருந்து மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள மேலே ஏறிடணும். கோயில்ல இருந்து செம்மேட்டுக்கு பஸ்தான், திரும்ப நடக்கப் போறேன்னு அடம் பிடிக்காதீங்க. கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு காலையிலேயே டீக்கடையில கேட்டு வெச்சுக்கிட்டா டென்ஷன் இல்லை. ராத்திரி சேலம், திங்கட்கிழமை காலையில ஊர். ஃபர்ஸ்ட் ஹவர்ல உட்கார்ந்துட்டு எழுந்திரிக்கும்போது தொடை ரெண்டும் "ஐயோ"ங்கும். அட்டெண்டன்ஸுக்குக் குரல் கொடுத்தா போதும், எழுந்து நிக்க வேண்டாம்!